பதினான்காவது பெயர்

மெரின் ஐந்தாவது முறையாக அந்தச் சின்னப் புத்தகப் படத்தை அழுத்தினாள். கணினிப் பெட்டி அடித்தொண்டையில் ஒருமுறை உறுமியது. பிறகு அதே சாம்பல் நிறக் கட்டம் வந்து நின்றது: முகவரிப் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை. கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழி வைக்கவில்லை.

பின்னால் அவளுடைய அம்மா ஏவிஸ், அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அடக்கத்துக்கு ஏற்பாடு செய்பவர் நான்கு மணிக்குத் துணி வாங்க வருவார். காலரை ஏற்கெனவே இரண்டு முறை தேய்த்தாகிவிட்டது. மறுபடியும் தண்ணீர் தெளித்தாள்.

"தொறந்துச்சா?"

"இன்னும் இல்லம்மா."

அப்பா கிளெம் நேற்றுக் காலை படகுத்துறையில் படகைக் கழுவிக்கொண்டிருந்தபோது, ரப்பர் குழாயைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். மழையில்லாத வருடம் என்பதால், யாரோ ஓடிப்போய்க் குழாயை மூடினார்கள் என்பதைத்தான் வந்தவர்கள் எல்லோரும் முதலில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அடக்கம். இன்று புதன்.

சவப்பெட்டி என்ன மரம், என்ன பூ என்றெல்லாம் மெரின் கேட்டதற்கு அம்மா, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டாள். ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "ஜோரிக்குத் தெரியணும். மண்ணு போடறதுக்கு முன்னாடி தெரியணும். அப்புறம் தெரிஞ்சு என்ன?"

ஜோரி மெரினின் தம்பி. அப்பா சொல்லி வாங்கிக்கொடுத்த கோதுமைக் கிடங்கு வேலையை ஒன்பது வருடத்துக்கு முன்னால் சொல்லாமல் விட்டுவிட்டான். அப்பா இந்தச் சமையலறையில் நின்று ஒரு மணி நேரம் கத்தினார். இனி இந்த வீட்டில் உன் பெயரை யாரும் எடுக்கக்கூடாது என்று முடித்தார். ஜோரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, குடித்த டீக்கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். இரண்டு வருடம் கழித்து அவன் போன் எண் செத்துப்போனது. அம்மா எழுதிய கடிதங்கள் திரும்பி வந்தன.

இந்தக் கடற்கரை முழுக்கப் படகு வைத்திருக்கும் அப்பாவின் கூட்டாளிகளில் யாராவது ஒருவருக்கு அவன் இருக்கும் இடம் தெரிந்திருக்கும் என்பது அம்மாவின் கணக்கு. தினமும் காலையில் அப்பா அவர்களுக்குக் காற்றும் அலையும் எப்படி என்று மின்னஞ்சல் அனுப்புவார். அவர்களின் முகவரிகளெல்லாம் இந்தத் திறக்காத புத்தகத்துக்குள் இருந்தன. அனுப்பியவை, வந்தவை என்று எல்லாப் பெட்டிகளையும் மெரின் திறந்து பார்த்தாள். துடைத்து வைத்தது போல் காலி. அப்பா மீன் வெட்டிய பலகையைக்கூட உடனே கழுவி வைக்கிறவர்தான். ஆனாலும் ஒரு கடிதம்கூடவா மிச்சம் வைக்கமாட்டார்?

இணைய கம்பெனியின் உதவி எண்ணில் பேசிய பெண் பொறுமையானவள். மின்னஞ்சல் நிரலை நீக்கிவிட்டு மறுபடி போடச் சொன்னாள், போட்டாயிற்று. பழைய பிரதி இருக்கிறதா என்று தேடச் சொன்னாள், தேடியாயிற்று. கடைசியில், புத்தகம் கெட்டுப்போயிருக்கலாம், வருந்துகிறேன் என்றாள். எதற்கு வருந்துகிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

மெரின் அடிலெய்டில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்த்தாள். கணினி பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் மனசுக்குள் நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தது. அந்த உறுமல். வேறு எதைத் திறந்தாலும் பெட்டி சத்தம் போடவில்லை. முகவரிப் புத்தகத்தை அழுத்தினால் மட்டும் உறுமுகிறது.

அவள் மேசைக்கடியில் தலையை விட்டு, கையை மட்டும் மேலே நீட்டி மவுஸைத் தடவி அழுத்தினாள். பெட்டியின் முகப்பில், பிளாப்பி வட்டு செருகும் வாயோரம், பச்சை விளக்கு ஒன்று மினுக்கி அணைந்தது. அப்போதுதான் உறுமல் வந்தது.

புத்தகம் கெட்டுப்போகவில்லை. அது இந்தப் பெட்டிக்குள்ளேயே இல்லை. இல்லாத பிளாப்பியைத்தான் இது ஒவ்வொரு முறையும் வாய்க்குள் தேடிப் பார்க்கிறது.

"அம்மா, அப்பா மெயில் அனுப்பிட்டு என்ன பண்ணுவாரு?"

அம்மா யோசித்தாள். "என்ன பண்ணுவாரு? நேரா ஷெட்டுக்குப் போவாரு. உக்காரறதுக்கு முன்னாடியும் ஷெட்லேர்ந்துதான் வருவாரு."

ஷெட்டில் தூண்டில் பெட்டிகள் ஏழு இருந்தன. ஒவ்வொன்றிலும் அப்பாவின் கட்டை எழுத்தில் மீன் பெயர். மெரின் எல்லாவற்றையும் திறக்கவில்லை. நேராகக் கணவாய்ப் பெட்டியை எடுத்தாள். கணவாய் மை பட்ட எதையும் அம்மா தொடமாட்டாள். மேல் தட்டில் வண்ண வண்ணத் தூண்டில்கள். அவற்றுக்கு அடியில், ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு, ஒரு பிளாப்பி.

அம்மாவின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க அப்படி என்ன இருக்கிறது இதில்? மறைத்து வைக்க அப்பாவுக்கு என்ன இருந்திருக்கும்? முற்றத்தைக் கடந்து வருவதற்குள் அவள் நாலைந்து விதமாக நினைத்துவிட்டாள். ஒன்றுகூட நல்லதாக இல்லை.

சமையலறையில், எல்லோரும் சுருட்டை என்று கூப்பிடுகிறவர் வந்து உட்கார்ந்திருந்தார். அப்பாவோடு முப்பது வருடம் மீன் பிடித்தவர், தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. பையிலிருந்து இறைச்சி அடைத்துச் சுட்ட எட்டு பேஸ்டிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். "சாப்பிடு ஏவிஸ். நீ சாப்பிடலைன்னா கிளெம் என்னைத்தான் திட்டுவான்," என்றவர், சொன்னது தன் காதிலேயே விழ, காலிப் பையை மடிக்கத் தொடங்கினார்.

மெரின் பிளாப்பியைச் செருகிப் புத்தகப் படத்தை அழுத்தினாள். உறுமல் வந்தது. இந்த முறை அது நிற்காமல் ஓடியது. புத்தகம் திறந்தது.

பதினான்கு வரிகள். ஒன்றில்கூட உண்மையான பெயர் இல்லை.

அவள் வாசிக்க வாசிக்க, சுருட்டை மெல்லுவதை நிறுத்தாமலே ஆள் சொன்னார். குட்டி என்றால் படகையே சாய்க்கிற அந்த ஆறரையடி மனுஷன். நீலம், செம்பட்டைத் தலை தபால்காரர். மின்னல், ஓய்வு பெற்ற பள்ளி வாத்தியார், நங்கூரத்தைத் தூக்கவே அரைமணி எடுப்பவர். 'சுருட்டை' வந்ததும் தன் மண்டையைத் தடவிக்கொண்டார். பதின்மூன்று பெயர்கள் முடிந்தன. ஜோரியைப் பற்றி இவர்களில் யாருக்கும் தெரியாது, தான் ஒவ்வொருவரையும் எப்போதோ கேட்டுவிட்டதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். இஸ்திரிப்பெட்டி ஓரிடத்தில் நின்று, பிறகு நகர்ந்தது.

"கடைசில ஒண்ணு இருக்கு," என்றாள் மெரின். "ரவுடி."

"ரவுடியா?" சுருட்டை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார். "நம்ம செட்ல ரவுடின்னு யாரும் கிடையாதே கண்ணு. குடிச்சிட்டு சண்டை போடறவன் ஒருத்தன் இருந்தான், அவனும் போன வருஷம் பைபிள் வகுப்புல சேந்துட்டான். அவனுக்கு வேற பேரு."

முகவரியிலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை. வெறும் எழுத்தும் எண்ணும். மெரின் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். மொட்டைக்குச் சுருட்டை. ஆறரையடிக்குக் குட்டி. அப்படியென்றால் ரவுடி யார்? சத்தம் போடாதவன். சண்டைக்குப் போகாதவன். திட்டினால் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறவன்.

அவள் திரும்பினாள். அம்மா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு சுவிட்சை அணைத்திருந்தாள்.

"ஒண்ணாங்கிளாஸ்ல," என்றாள் அம்மா, "ஒண்ணுக்கு வருதுன்னு டீச்சர்கிட்ட சொல்ல வாய் வராம, நனைஞ்ச டவுசரோட வீட்டுக்கு வந்தான். உங்கப்பாதான் மாத்தி விட்டாரு. வாடா ரவுடின்னாரு. அன்னிக்கு ஒரு நாள்தான் அப்படிக் கூப்பிட்டாரு."

சுருட்டை கண்ணாடியைக் கழற்றினார். படகைப் பார்த்துவிட்டு வருவதாக முனகிக்கொண்டு வெளியே போனார். படகுத்துறை அந்தப் பக்கம் இல்லை.

அப்பாவா ஜோரியா, முதலில் யார் எழுதியது, எத்தனை வருடமாக, காற்றும் அலையும் தவிர வேறு ஏதாவது எழுதினார்களா? எதற்கும் பதில் இல்லை. எல்லாவற்றையும் அவர் துடைத்து வைத்துவிட்டார். மெரினுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

என்ன எழுதட்டும் என்று அம்மாவைக் கேட்டாள். நீளமாக வேண்டாம், அவனுக்குப் பிடிக்காது என்றாள் அம்மா. அப்பா நேற்றுக் காலை இறந்துவிட்டார், வெள்ளி பதினொரு மணி, வீட்டுப் போன் எண் மாறவில்லை. அவ்வளவுதான் எழுதினாள். அனுப்புவதற்கு முன் அம்மா வந்து தோளுக்கு மேலாக இரண்டு முறை வாசித்தாள்.

போய்விட்டது. மற்ற பதின்மூன்று பேருக்கும் அனுப்ப வேண்டும். மெரின் வரிசையில் முதல் பெயரைத் தொட்டபோது அம்மா அவள் கையைப் பிடித்தாள். "லைன கட் பண்ணு. நீ இதுல இருந்தா போன் எப்படி வரும்?"

இணையத்துக்கும் தொலைபேசிக்கும் ஒரே கம்பிதான். இணைப்பைத் துண்டித்துவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பேஸ்டிகள் ஆறின. மூன்றரை ஆயிற்று. நான்கு மணிக்கு ஆள் வந்து வெள்ளைச் சட்டையையும் சாம்பல் நிறக் கோட்டையும் வாங்கிக்கொண்டு போனார். டை எங்கே என்று கேட்டார், அம்மாவுக்கு அது காதில் விழவில்லை. மெரின் தேடிக் கொடுத்தாள்.

ஐந்துக்குச் சற்று முன் தொலைபேசி அடித்தது. அம்மா எடுத்து ஹலோ என்றாள். மறுமுனையில் யாரும் பேசவில்லை. விற்பனைக்காரர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று, மெரின் வைத்துவிடச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

அம்மா வைக்கவில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்தியபடி, இன்னொரு கையால் நாற்காலியை இழுத்துப்போட்டு, சௌகரியமாக உட்கார்ந்துகொண்டாள்.