கதவுக்கு உள்ளே ஒரு பிடி அரிசி

சிங்கப்பூரிலிருந்து மெட்ராஸ் ஆயிரத்து எண்ணூறு மைல். விமானத்தில் எட்டு மணி நேரம் என்று ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசுவிடம் சொல்லியிருந்தார்கள். கப்பலென்றால் ஏழு நாள். மெட்ராஸில் படுக்கையில் கிடக்கும் அம்மா ஏழு நாள் தாங்கமாட்டாள் என்பது தந்தியைப் படித்தபோதே புரிந்துவிட்டது.

காலை ஒன்பது மணிக்குக் கோலாலம்பூரில் ஏறி, சிங்கப்பூரில் விமானம் மாறவேண்டும். ஆனால் மலாயாவில் அப்போது அவசரகாலம். கோலசிலாங்கூருக்கு அருகிலிருந்த அந்தத் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. காலை ஆறு மணிக்குத்தான் கதவைத் திறப்பார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காரர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே விடமாட்டார்கள். பிடிபட்டால் வழக்கு.

வாசலின் குறுக்குக் கட்டைக்கு அப்பால் அவரை ஏற்றிப்போக லோரி உறுமிக்கொண்டு நின்றது. பைகளைச் சோதிக்கும் அகதா, அம்மாவுக்காக எடுத்துவைத்த சேலையை உதறினாள். மடிப்பிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்று விழுந்தது. அவிழ்த்தாள். அரிசி.

"என்ன கிராணி இது?"

"சத்தியமா எனக்குத் தெரியாது அகதா."

காவலர் யூசோப் நெருங்கினார். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்த மலாய்க்காரர். "அரிசியா? ஸ்டேஷன் போகணும் லா கிராணி. பெரிய இன்ஸ்பெக்டர் வந்துதான் கேஸ் எழுதுவாரு."

"எப்ப வருவாரு?"

"பத்து மணிக்கு."

கார்த்திகேசு லோரியைத் திரும்பிப் பார்த்தார்.

"கிராணியாரே, ஏரோப்ளேன் நம்ம லோரி மாதிரி கைகாட்டினா நிக்காது!" என்று டிரைவர் ரெங்கசாமி கத்தினார்.

வழியனுப்ப வந்திருந்த தங்கை நல்லம்மாள் முன்னால் வந்தாள். "நான்தான் வெச்சேன். அண்ணன விட்டுட்டு என்னைப் பிடிங்க."

"ஏம்மா, மெட்ராஸ்ல அரிசி கிடைக்காதா?" என்றாள் அகதா.

நல்லம்மாள் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. "வாய்க்கரிசி. நான்தான் போக முடியல. என் கையால ஒரு பிடி..."

இரண்டு நாளாக வீட்டில் யாரும் சொல்லத் துணியாத சொல். கார்த்திகேசு பையைக் கீழே வைத்துவிட்டார்.

அகதா முடிச்சை மறுபடி கட்டினாள். பிறகு, "யூசோப் அண்ணே, கட்டைய இன்னும் தூக்கலையே. கிராணி காலு உள்ளதான இருக்கு? அரிசி எங்க வெளிய போச்சு?" என்றாள்.

யூசோப் கட்டையைப் பார்த்தார். கிராணியின் செருப்பைப் பார்த்தார். கடிகாரத்தில் ஆறு இருபது.

"போகல," என்றார் கடைசியில். "திருப்பிக் கொடு. ஒரு அரிசிமணிகூட ஒட்டியிருக்கக் கூடாது."

அகதா முடிச்சை நல்லம்மாளிடம் நீட்டினாள். "அண்ணன் கையில ஒரு தடவ போட்டு எடுத்துக்கம்மா. அந்தக் கை போகுதில்ல?"

நல்லம்மாள் அண்ணனின் வலது உள்ளங்கையில் அரிசியைக் கொட்டினாள். பிறகு ஒரு மணி விடாமல் வழித்தெடுத்தாள். யூசோப் அவசரப்படுத்தவில்லை. திரும்பி நின்று கட்டையின் கயிற்றை மெல்ல அவிழ்த்தார்.

அந்த இருவரையும் அன்று காவலுக்கு வைத்தது கடவுள்தான் என்று விமானத்தில் கார்த்திகேசு நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அம்மா கண் திறந்தாள். கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். கார்த்திகேசு அந்த வலக்கையால் கரண்டியை எடுத்தார்.

"நல்லம்மா குடுக்கிறாம்மா," என்றார்.

அம்மா வாயைத் திறந்தாள்.