சுவர்ப் பக்கத்துக் காது

கட்டிலைச் சுவரை விட்டு இழுத்தபோது அதன் கால்கள் தரையில் கிரீச்சிட்டன. அப்பாவின் தலை லேசாக ஆடி நின்றது. இளையவன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். ஆயுசு முழுக்கப் பாரம் ஏற்றி இறக்கிய கை. ஒரு மரக்கட்டில் அதற்கு எம்மாத்திரம்? இருந்தும் மூச்சு வாங்கியது.

"மெதுவாடா," என்றாள் அக்கா. அவள் கையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. "ரெண்டு தடவ உருண்டு விழுந்துட்டார். அதான் போன வாரம் சுவரோட ஒட்டித் தள்ளிப் போட்டேன்."

அப்பா விடியற்காலையில் போய்விட்டார். வயது எண்பத்து மூன்று. பதினைந்து வருடம் பீரங்கிப் படை, அப்புறம் இருபத்தேழு வருடம் வங்கி, கவுன்டரில் தொடங்கி மேனேஜர் வரைக்கும். இளையவன் நேற்று மதியம்தான் வந்து சேர்ந்திருந்தான்.

இருவருமாகச் சட்டையை மாட்டினார்கள்.

"நேத்து பேசினியா அவர்கிட்ட?"

"பேசினேன்." பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. "அந்த பீரோ விஷயம் என் மனசுல இல்லப்பான்னு சொன்னேன்."

அக்காவுக்கு விளக்க வேண்டியதில்லை. இருபத்து நாலு வருடத்துக்கு முன் அப்பாவின் கிளைக்குப் புது இரும்பு பீரோ வந்தது. தூக்கி வந்த நாலு பேரில் இளையவனும் ஒருவன். "இந்தப் பையன் உங்க ஜாடையா இருக்கானே சார்," என்று யாரோ சிரித்தார்கள். அப்பா தலை நிமிராமல், "சாமான் இறக்க வந்த ஆளு," என்றார். அன்றைக்கு வீட்டை விட்டுப் போனவன், அம்மா சாவுக்குக்கூட வாசலோடு நின்று திரும்பினான்.

"எங்க உக்காந்து சொன்ன?"

"இதோ, இந்த ஸ்டூல்லதான்."

சட்டைக் காலரைச் சரிசெய்த அக்காவின் கை நின்றது. ஸ்டூல் அப்பாவின் இடப்பக்கம் கிடந்தது. அவள் அப்பாவின் இடது காதைப் பார்த்தாள். அப்போதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. இடது காது பீரங்கிச் சத்தத்தில் ராணுவத்திலேயே செத்துப்போன காது. நடை பழகும்போதே அப்பாவின் வலப்பக்கம் நடக்கப் பழகிய பிள்ளைகள் அவர்கள். அதை எப்படி மறந்தான்?

"நாங்க தலைமாட்டுல சாஞ்சு சுவர்ப் பக்கத்துக் காதுல சொல்லுவோம்டா. உனக்குத் தெரியாதான்னு நான்..."

"விடுக்கா."

பத்து மணிக்கு அப்பாவோடு படையில் இருந்த பெரியவர் கோலூன்றி வந்தார். கையை நெற்றிவரை கொண்டுபோய் இறக்கினார். பிறகு அதே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே பீரங்கி, தம்பி. காத மூடுடான்னு கத்தினேன். அவனுக்குக் கேக்கல. அதுக்கப்புறம் அந்தக் காதுல எதுவுமே கேக்கல." தானே சிரித்துக்கொண்டார். "ஆனா கெட்டிக்காரன். பேங்க்ல ஒருத்தருக்கும் தெரியவிடல. உதட்டப் பாத்தே எதிராளி சொல்றத புடிச்சிடுவான். கண்ணு திறந்திருந்தா போதும் அவனுக்கு."

இளையவன் நிமிர்ந்தான். நேற்று அப்பாவுக்குப் பேச்சு நின்றிருந்தாலும் கண்கள் திறந்துதான் இருந்தன. அக்காவிடம் சொல்ல வாயெடுத்தான். அப்புறம்தான் தான் உட்கார்ந்திருந்த விதம் நினைவுக்கு வந்தது. முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல், தலையைக் குனிந்து, அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொல்லியிருந்தான்.

"என்னப் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொல்லுவாராய்யா?"

பெரியவர் யோசித்துப் பார்த்தார். "அவன் வீட்டு விஷயம் பேசுற ஆளில்லியேப்பா."

வண்டி வந்தது. வண்டிக்காரர் பஞ்சுப் பொட்டலத்தைப் பிரித்தார். "மூக்குல நான் வச்சிடுறேண்ணே. காதுக்கு நீங்க வைங்க."

இளையவன் பஞ்சைக் கிள்ளினான். காய்ப்பு ஏறிய விரல்களில் அது ஒட்டிக்கொண்டு வந்தது. இடது காதில் வைத்தான். கட்டிலைச் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் போய்க் குனிந்தான்.

"வச்சாச்சாண்ணே? கிளம்பலாமா?"

வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இளையவன் இரண்டாவது பஞ்சை விரல்களுக்கு இடையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.