ஆறு கட்டில், இருநூற்றுப் பன்னிரண்டு பார்வையாளர்கள்

நான் அந்த ஆஸ்பத்திரிக்குத் தலைமை மருத்துவராகப் பொறுப்பேற்ற ஒன்பதாவது நாள், திங்கட்கிழமை, காலைத் தபாலில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டே பத்தி. முதல் பத்தியில் ஒரு கேள்வி: ஆறு கட்டில்கள் மட்டுமே உள்ள தங்கள் மருத்துவமனைக்குச் சென்ற மாதம் இருநூற்றுப் பன்னிரண்டு பார்வையாளர்கள் வந்தது எப்படி? இரண்டாவது பத்தியில் ஒரு முடிவு: பெண்கள் பிரிவில் சென்ற மாதம் சிகிச்சை பெற்றவர்கள் பதினான்கு பேர் மட்டுமே என்பதால், அப்பிரிவின் செவிலியர் பணியிடம் நகர மருத்துவமனைக்கு மாற்றப்பட உள்ளது. மறுப்பு இருப்பின் வெள்ளிக்கிழமைக்குள் எழுதவும்.

முடிவைவிடக் கேள்விதான் என்னை முதலில் பிடித்துக்கொண்டது. என் சுபாவம் அப்படி. முழங்கால் வலி என்று வந்தவரிடம் பேச ஆரம்பித்து, அவர் வீட்டுக் கிணறு எத்தனை அடி என்பதுவரை விசாரித்து முடிப்பேன். "உங்க மூக்கு உங்களுக்கு முன்னாடியே வேலைக்குக் கிளம்பிடுது" என்பாள் என் மனைவி.

சென்ற மாதம் கட்டிலில் படுத்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். ஆளுக்குப் பத்தொன்பது இருபது பேர் வந்து பார்த்தார்களா? அந்தப் பதினொரு பேரில் ஒருவர் சொந்தபந்தம் யாரோடும் பேச்சுவார்த்தை இல்லாதவர். அவரைப் பார்க்க வந்தவை கொசுக்கள் மட்டும்தான் என்று வார்டில் சொன்னார்கள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு சீட்டு ஜன்னலுக்குப் போனேன். வாசலைத் தாண்டியதும் ஒரு கூடம். இரு பக்கமும் நீள பெஞ்சு. கூடத்தின் நடுச் சுவரில் அந்த ஜன்னல். இருபத்தேழு வருஷமாகச் சீட்டு எழுதும் குமாஸ்தா உள்ளே உட்கார்ந்திருப்பார். முத்து முத்தான கையெழுத்து. ஆனால் ஊரில் அவருக்கு ரேடியோ என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு பேரின் சீட்டை மாற்றிக் கொடுத்து, இருமல்காரருக்குப் பேதி மருந்து போய்விட்டது. அன்றிலிருந்து எழுதியதையெல்லாம் உரக்கத் திருப்பிப் படித்து, வந்தவர் தலையாட்டிய பிறகுதான் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். "வயசு நாப்பத்திரண்டு. இருமல். மூணு நாள். சளி மஞ்சள். சரியா?" கூடமே காது கொடுத்துக் கேட்கும். சிலர் அதற்காகவே சீக்கிரம் வந்து இடம்பிடிப்பது உண்டு.

"அண்ணே, இந்தப் பார்வையாளர் இருநூத்திப் பன்னெண்டு பேரு யாரு?"

"சும்மா வந்தவங்க சார்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான் சார். என்ன செய்யுதுன்னு கேப்பேன். ஒண்ணுமில்ல, சும்மா வந்தேன்பாங்க. அப்படியே எழுதிக்குவேன்."

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். காரணம் என்ற கட்டத்தில் வரிசையாக இருந்தது: சும்மா. சும்மா. பல்வலி. சும்மா. காய்ச்சல். சும்மா.

"இதை எதுக்குப் பார்வையாளர்ல சேர்த்தீங்க?"

"மாச ரிப்போர்ட்ல இருக்கிறது ரெண்டே கட்டம். நோயாளி, பார்வையாளர். நோயே இல்லைன்னு சொல்றவங்களை நோயாளின்னு எழுதினா அது பொய்க்கணக்கு. சும்மாவுக்கு நீங்க மருந்து எழுதுவீங்களா, சொல்லுங்க?"

நியாயமாகத்தான் பட்டது. பக்கங்களைப் புரட்டினேன். சும்மா வந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் பெண்கள். கிட்டத்தட்ட எல்லாரும் வந்தது செவ்வாய், வியாழன். அந்த இரண்டு நாளும் பெண்கள் பிரிவு சிஸ்டர் தன் அறையில் உட்காரும் நாட்கள்.

சிஸ்டரின் அறை நடைபாதையின் கடைசியில், மருந்துக் கிடங்குக்கு அடுத்து; வாசலில் ஒரு பெஞ்சு. அவர் இங்கே வந்து பதினான்கு வருஷம். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே குடியிருப்பு. அங்கே மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். நகரத்துக்குப் பேருந்தில் மூன்று மணி நேரம். கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, மடிப்புக் கலையாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கும் தனியா வந்திருக்கு சார். நாளைக்கு நேர்ல வரச் சொல்லியிருக்காங்க. லீவு வேணும்."

"அது சரி. சும்மா வர்றவங்க யாரு சிஸ்டர்?"

"சும்மா வர்றவங்க சார்."

பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்ட பீரோ மாதிரி இருந்தது முகம்.

செவ்வாய்க்கிழமை என் அறைக் கதவைத் திறந்தே வைத்தேன். அங்கிருந்து அந்தப் பெஞ்சு தெரியும். பத்தரை மணிக்குள் பதினொரு பெண்கள் சும்மா வந்தார்கள். சிஸ்டர் இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒருவர் மட்டும் பன்னிரண்டரை வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். தையல் கடை வைத்திருப்பவர் என்று குமாஸ்தா சொன்னார். நான் எழுந்து போனேன்.

"சிஸ்டர் நாளைக்குத்தான் வருவாங்கம்மா. நானும் டாக்டர்தான். என்கிட்ட சொல்லலாம்."

பெண்கள் வரிசையில் தெரியாமல் வந்து நின்றவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்லைங்க சார். சும்மாதான் வந்தேன்."

எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த உள்ளங்கை வெள்ளைக் காகிதம்போல் இருந்ததைக் கவனித்தேன். "கொஞ்சம் இருங்க" என்று நான் சொல்வதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். என் அறை வாசலில் முப்பது பேர் காத்திருந்தார்கள். ஒரு பெண்ணின் பின்னால் தெருவில் ஓடினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்றும் தோன்றியது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். இப்போதும் அந்த இடத்தை எழுதும்போது கை கூசுகிறது.

புதன்கிழமை காலை சிஸ்டர் வந்ததும் முதல் வேலையாக இதைச் சொன்னேன்.

"சுவரைப் பிடிச்சாங்களா?"

"ஆமா."

"எத்தனை மணி வரைக்கும் இருந்தாங்க?"

"பன்னெண்டரை."

சிஸ்டர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். என்னிடம் அனுமதி கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டு நான் பின்னால் போனேன்.

இரண்டு தெரு தள்ளி வீடு. முன்னறையில் தையல் மெஷின். அதன் காலடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார். பாதி தைத்த சட்டைக் கை மெஷினிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. லாரியில் சுமை ஏற்றும் வேலைக்குப் போகும் கணவர் வாசலில் நின்றார். "ரெண்டு வாரமா சதா படுக்கை சார். சோம்பல் பிடிச்சுப்போச்சுன்னு நேத்துகூடத் திட்டினேன். எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே."

இருபத்தாறு நாளாக ரத்தப்போக்கு. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஐந்து புள்ளி இரண்டு. பன்னிரண்டு இருந்திருக்க வேண்டும். சிஸ்டர் கூடவே ஆம்புலன்ஸில் ஏறி நகரத்துக்குப் போய், ரத்தம் ஏற ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு, மாலை ஐந்து மணிக்குத் திரும்பினார். என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"கர்ப்பப்பையில கட்டி. பொழைச்சுக்குவாங்க. நேத்தே பார்த்திருக்கணும். ரேடியோ அண்ணன் முன்னாடி நின்னு, இருபத்தாறு நாளா ரத்தம் போகுதுன்னு எந்தப் பொம்பளை சார் சொல்லுவா? அவர் திருப்பிப் படிப்பாரே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சும்மான்னு சொன்னா நோயாளி இல்ல, உங்ககிட்ட அனுப்ப வேண்டியதில்ல. என் ரூம் பக்கம் வந்துடலாம். அவங்களா கண்டுபிடிச்ச வழி இது. வெள்ளைப்படுறது, மார்ல கட்டி, இருமினா சிறுநீர் கசியுறது, வீட்ல அடி வாங்கினது, எல்லாம் சும்மாவுக்குள்ளதான் இருக்கு."

"நீங்க ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கலாமே சிஸ்டர்?"

"முதல் வருஷம் எழுதினேன். வருஷத்துக்கே மூணு பேர்தான் வந்தாங்க. எழுத மாட்டேன்னு சொன்ன பிறகுதான் பெஞ்சு நிறைஞ்சுது."

அன்று இரவே பதில் கடிதத்தை மனதுக்குள் எழுதிவிட்டேன். தையற்காரப் பெண்மணியின் ஒரு கேஸ் போதும், எந்த அதிகாரியும் வாயடைத்துப் போவார். வியாழக்கிழமை காலை சிஸ்டரிடம் சொன்னேன்.

"தாராளமா எழுதுங்க சார். எழுதின அன்னிக்கே நான் மூட்டை கட்டிடறேன், உங்களுக்கு வேலை மிச்சம்."

"பேரு போட மாட்டேன்."

"இந்த ஊர்ல லேடீஸ் டெய்லர் ஒருத்தர்தான். பேரு எதுக்கு? அந்த ஆபீஸ் டைப்பிஸ்டோட பொண்ணை இங்க மூணாவது தெருவுலதான் கட்டிக் குடுத்திருக்கு. கடிதம் உங்க மேலதிகாரிக்குப் போறதுக்கு முன்னாடி இங்க வந்துடும்."

காப்பாற்ற வேண்டியது அவருடைய வேலையை. அதற்குக் கையில் இருந்த ஒரே சாட்சியை அவரே எடுக்க விடவில்லை. பேர் வேண்டாம், நோய் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் தாருங்கள் என்று கேட்டேன். அதற்குச் சம்மதித்தார். குமாஸ்தாவின் பதிவேட்டைத் தன் அறைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு பேராக நினைவுபடுத்திக் கோடு போட்டார். மதியம் ஒரு துண்டுச் சீட்டு வந்தது. உண்மையாகவே யாரையாவது பார்க்க வந்தவர்கள் பத்தொன்பது. சிகிச்சைக்கு வந்தவர்கள் நூற்றுத் தொண்ணூற்று மூன்று. அதில் நகரத்துக்கு அனுப்பியது ஒன்பது.

குமாஸ்தாவிடம் விஷயத்தைச் சொன்னது நான்தான். பேனாவை மூடி வைத்தார்.

"தப்பு வந்துடக் கூடாதுன்னுதான் சார் படிச்சேன்."

"தெரியும்ணே."

"இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூடச் சொல்லலையே."

"சொன்னா அதையும் திருப்பிப் படிச்சிருப்பீங்க அண்ணே" என்றார் அந்த வழியாக வந்த சிஸ்டர். குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் ஜன்னலைச் சாத்திவிட்டு, மேஜையை உள்ளறைக்கு இழுத்துப் போட்டு, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். எழுதிய சீட்டைத் திருப்பிக் காட்டுவதோடு சரி. ரேடியோ கேட்க வந்த இரண்டு பெரியவர்கள் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கடிதம் போயிற்று. திங்கட்கிழமை தலைமை அலுவலகத்து அதிகாரி அம்மாள் தொலைபேசியில் வந்தார். கறாரான குரல். "நினைவுல இருந்து எண்ணினதெல்லாம் கணக்குல சேராது டாக்டர். ஒரு மாசம் டைம் தரேன். முறையா ஒரு பதிவேடு போடுங்க. நீங்க நேர்ல சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. பிறகு பார்க்கலாம்."

சிஸ்டரிடம் அதைச் சொன்னேன். "எழுதறேன். ஆனா வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டுத்தான் எழுதுவேன். நோட்டு என் பீரோவுலதான் இருக்கும். யாரும் பார்க்க மாட்டாங்கன்னு அவங்களுக்குச் சொல்லப்போறேன்."

"நானுமா?"

"நீங்கதான் சார் முக்கியமா. உங்களுக்கு ஒரு வரி படிக்கக் குடுத்தா, அந்த வீட்டுக் கிணத்து ஆழம் வரைக்கும் போவீங்க."

ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டது வாய்தான். சிஸ்டரின் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது, இன்று வந்த பச்சைச் சேலைக்காரப் பெண்ணுக்கு என்ன, நேற்று அழுதுகொண்டே போனவர் ஏன் அழுதார் என்று அந்த மாதம் முழுக்க மனசு அரித்துக்கொண்டே இருந்தது. முதல் இரண்டு வாரம் பெஞ்சு பாதி காலியாகக் கிடந்தது. சிஸ்டர் இப்போது எழுதுகிறாராம் என்று தெருவில் பேச்சு. மூன்றாவது வாரம் தையற்காரப் பெண்மணி ஊர் திரும்பினார். செவ்வாய்க்கிழமை காலை வந்து, யாரிடமும் எதுவும் பேசாமல் எல்லோருக்கும் தெரியும்படி முதல் ஆளாக உட்கார்ந்தார். வியாழக்கிழமை பெஞ்சில் இடமில்லை.

மாதக் கடைசியில் சிஸ்டர் துண்டுச் சீட்டோடு வந்தார். நூற்று முப்பத்தொன்று; நகரத்துக்கு அனுப்பியது ஆறு. செய்தித்தாளில் சுற்றிய நோட்டு அவர் மடியில் இருந்தது. படிவத்தில் எண்களை நிரப்பினேன். அடியில் அச்சடித்த வரி: மேற்கண்ட பதிவுகளை நான் நேரில் சரிபார்த்தேன்.

"பார்க்காம கையெழுத்துப் போட்டா நான் சொல்றது பொய் சிஸ்டர்."

"பார்த்தா?"

"நீங்க அவங்களுக்குச் சொன்னது பொய்."

அவர் நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "என் வேலைக்காக உங்களைப் பொய் எழுதச் சொல்ல மாட்டேன் சார். உங்க இஷ்டம்."

செய்தித்தாளின் ஒரு மூலை பிரிந்து, நோட்டின் நீல அட்டை தெரிந்தது. என் வாழ்க்கையில் வேறெந்தப் புத்தகத்தையும் திறக்க அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. பேனாவை எடுத்து அந்த அச்சடித்த வரியை அடித்தேன். கீழே எழுதினேன்: செவிலியர் சொல்லக் கேட்டு எழுதியது. பதிவேட்டை நான் திறக்கவில்லை. கையெழுத்துப் போட்டு, நோட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

ஐந்தாம் நாள் அதிகாரி அம்மாள் அழைத்தார்.

"படிவத்துல அடிச்சுத் திருத்தி என்னமோ எழுதியிருக்கீங்களே, இது என்ன டாக்டர்?"

"நடந்ததை எழுதினேன் மேடம்."

எதிர்முனையில் தாள்களைப் புரட்டும் சத்தம். "நகரத்துக்கு ஆறு பேர் அனுப்பினதா போட்டிருக்கீங்க. அங்க விசாரிச்சேன். உங்க ஊர்ல இருந்து பெண்கள் பிரிவுக்கு வந்தது ஆறு பேர்தான். பேரு நானும் கேட்கலை. ஒரு வருஷத்துக்கு மாற்றலை நிறுத்தி வைக்கறேன். ஆர்டர் தபால்ல வரும்."

உடனே சொல்லிவிட வேண்டும் என்று நடைபாதையில் வேகமாக நடந்தேன். வியாழக்கிழமை. சிஸ்டரின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். தட்டக் கையை உயர்த்தியவன் நிறுத்திக்கொண்டேன்.

"சிஸ்டரைப் பார்க்கவா சார்?" என்று பெஞ்சிலிருந்த ஒரு பெண் கேட்டார்.

"ஆமா."

"அப்ப கடைசியில உட்காருங்க. நாங்கல்லாம் எட்டு மணிக்கே வந்தவங்க."

எனக்கு முன்னால் ஏழு பேர் இருந்தார்கள். போய் உட்கார்ந்தேன்.