கேமராவைப் பார்த்த பதினேழு தடவை

எழுநூற்று நாற்பத்தெட்டு. கடைசியில் அந்தப் பாக்கி வந்து நின்ற தொகை அது. ஆறு மணிக்கு மேலும் நின்று லாரியில் பெட்டி ஏற்றிய சாயங்காலம் ஒன்றுக்கு நாற்பத்துநான்கு வீதம், பதினேழு சாயங்காலத்துக்குக் கம்பெனி லோடுமேனுக்குத் தர வேண்டியது. வீட்டுக்காரியின் கடைவாய்ப் பல் அந்தப் பணத்துக்காகக் காத்திருந்தது. ஒரு மாதமாக அவள் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். கோடவுனில் மற்றவர்களுக்கும் பாக்கிதான். வாய் திறந்து கேட்டவர் இவர் ஒருத்தர். கேட்கும்போதெல்லாம் சூப்பர்வைசர் “நாளைக்கு” என்பான். அவனுக்கு அதுவே பெயராகவும் ஆகிவிட்டது.

கோபத்தை வீடு வரைக்கும் சுமந்து வந்து தட்டைத் தள்ளுவதையும் கதவை அறைவதையும் பார்த்துப் பார்த்து, மைத்துனன்தான் மருந்து சொன்னான். வேலை தேடுவதைவிட சீரியல் தேடுவதில் கெட்டிக்காரன் அவன். முகத்தில் சிரிப்பே இல்லாமல் கோமாளித்தனம் செய்கிற ரகம் என்றால் உயிரை விடுவான். லோடுமேனுக்கு எழுத்து வந்தது நாற்பது வயதுக்கு மேல் என்பதால், ஒரு சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தான். மாடியே இல்லாத ஊரில் லிஃப்ட் ரிப்பேர் கம்பெனி. ஒரு கடிதமும் வராத தபால் ஆபீஸ். ஒரு பெஞ்சை எங்கே போடுவது என்று ஆறு வருடம் கூட்டம் போடும் நகரசபை.

“முதல்ல தபால் ஆபீஸைப் பாருங்க மாமா. அது பிடிச்சா மத்ததும் பிடிக்கும்.”

பார்த்தார். நிஜமான இடத்துக்குப் போய்ப் படம் பிடித்த மாதிரி கேமரா ஆடி ஆடிப் போனது. பத்து நிமிடம் தாமதமாக ஓடியதற்காகத் தபால் அதிகாரி சுவர்க் கடிகாரத்துக்கு மெமோ கொடுத்தார். லோடுமேனுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

“இந்தாள் மேல யாரும் கேஸ் போடலையா?”

மைத்துனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “மாமா, அது நடிப்பு. காமெடி.”

“காமெடின்னா எவனாவது சிரிக்கணும்ல?”

“சிரிக்காததுதான் காமெடி.”

அவருக்கு அது விளங்கவில்லை. தான் வேலை பார்க்கும் இடத்தைத்தான் அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆனால் ஒன்று மட்டும் ஆணி அடித்தது போல மனதில் நின்றது. அதிகாரி உளறி முடித்ததும் குமாஸ்தாப் பெண் எதிர்த்துப் பேசவில்லை, முறைக்கவுமில்லை. மெல்லத் திரும்பிக் கேமராவைப் பார்த்தாள். ஊரையே சாட்சிக்குக் கூப்பிடுகிற பார்வை.

மறுநாள், பதினோராவது சாயங்காலம். கடைசிப் பெட்டி ஏறியதும் பாக்கியைக் கேட்டார். “ஏத்துன பெட்டியெல்லாம் போயிருச்சு. ஏத்துனதுக்கு என்ன அத்தாட்சி?” என்றான் நாளைக்கு. கோடவுன் கேமரா இருக்கிறதே என்றதற்கு, அது ஆறு மணியோடு நின்றுவிடும் என்றான். நாலு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைக் கொட்டியிருந்தால் அன்றோடு வேலை போயிருக்கும். லோடுமேன் மெல்லத் திரும்பி, கடிகாரத்துக்கு மேலே மாட்டியிருந்த கேமராவைப் பார்த்தார். நாலு மூச்சு விடுகிற நேரம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அக்காவுக்குத் தேநீர் புரையேறிவிட்டது.

அப்புறம் அது அம்மை மாதிரிப் பரவியது. தினமும் ஆறு மணி தாண்டி, ஒரு லாரி ஏறி முடிந்ததும் நாளைக்கு வந்து, இன்னும் ஒரே ஒரு லாரிதான், நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று ஆரம்பிப்பான். பெட்டி ஏற்ற நின்றிருக்கும் ஆறு தலையும் ஒன்றாகக் கேமரா பக்கம் திரும்பும்.

பதினேழாம் சாயங்காலத்துக்கு மறுநாள் காலை லோடுமேனுக்கு மட்டும் மெமோ வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘பணி நேரத்தில் கேமராவை உள்நோக்கத்துடன் பார்த்தமைக்கு விளக்கம் தருக.’ உள்நோக்கத்துடன் என்பதை மூன்று தடவை படித்தார். இத்தனை வருடம் முதுகைப் பார்த்தவர்கள் இப்போதுதான் கண்ணைப் பார்த்திருக்கிறார்கள்.

விசாரணை, மேலாளர் அறையில் நடந்தது. மேலாளர், நாளைக்கு, மூலையில் தட்டச்சு செய்யக் கணக்குப் பிரிவுப் பெண். திரையில் ஓட்டிக் காட்டினார்கள். இந்தப் பழக்கம் எப்போது ஆரம்பித்தது என்று பின்னால் போய்ப் போய்த் தோண்டியிருந்தார்கள். மணி பார்க்க அண்ணாந்த பத்து நாளையும் சேர்த்துப் பதினேழு பார்வை. ஒவ்வொன்றிலும் மூலையில் நேரம் இருந்தது. 7.12. 6.55. 7.40. அவருக்கு எழுத்துதான் தாமதம். எண், கூலி வாங்கிய முதல் நாளே வந்துவிட்டது.

சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். மேலாளர் உரக்க வாசித்தார். “மாடியே இல்லாத ஊரில் லிஃப்ட் ரிப்பேர்... என்னப்பா இது?”

“பாக்க வேண்டிய சீரியல் சார். திருப்புங்க.”

பின்பக்கம் அவர் மணி பார்த்து மனதில் வைத்து எழுதிய பதினேழு தேதி, பதினேழு நேரம், கோணல்மாணலாக; திரையில் கண்ட அதே நேரங்கள்.

“ஆறு மணியோட கேமரா நின்னுரும்னாரு. நிக்காம ஓடியிருக்கு. நானும் நிக்காமத்தான் ஏத்தியிருக்கேன்.” குரல் உயரவில்லை.

நாளைக்கு தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலாளர் கால்குலேட்டரைத் தட்டினார். கம்பெனி என்றைக்கும் நியாயம் தவறாது என்றார். ஓவர்டைம் எழுநூற்று நாற்பத்தெட்டு, ஒப்புக்கொள்கிறோம். ஒழுங்கீனமான பார்வைக்கு அபராதம், ஒன்றுக்கு நாற்பத்துநான்கு. பதினேழுக்கு எழுநூற்று நாற்பத்தெட்டு.

“பாத்ததுக்கு எதுக்கு சார் நாப்பத்துநாலு?”

“அப்பதான் கணக்கு சரியா வரும்.”

கிண்டல் இல்லை. முகத்தில் சிரிப்பே இல்லை. லோடுமேன் மேசையைப் பார்த்தார். மேசை அறுபது கிலோ இருக்கும். கண்ணாலேயே எடை போட்டுவிட்டார், ஒரே தூக்கு. ஒரு பக்கமாக மெல்லும் வாய் ஒன்று கண் முன்னால் வந்தது. மேலாளர் கையெழுத்துக்கு நீட்டிய பேனாவை அவர் வாங்கவில்லை.

“கையெழுத்துப் போட மறுத்தார்னு போடும்மா. கீழ, கணக்கு நேர்னு தட்டு.”

தட்டுகிற சத்தம் கேட்டது. அந்த அறையிலும் கதவுக்கு மேலே ஒரு கேமரா, சிவப்புப் புள்ளியோடு. லோடுமேன் மெல்லத் திரும்பி அதைப் பார்த்தார். பதினெட்டு.

தட்டச்சுச் சத்தம் நின்றது. அதுவரை வாயே திறக்காத அந்தப் பெண், விரல்களை விசைகள் மேலேயே வைத்தபடி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் தலையைத் தூக்கி, அவர் பார்த்த இடத்தையே பார்த்தாள்.