பெயர் வேண்டாம், பேசினால் போதும்

மணிவண்ணனை நேரில் பார்த்தால் என்ன செய்வேனென்று எனக்கே தெரியாது. நாமக்கல்லில் ஏசி அறைக்குள் உட்கார்ந்து எங்கள் மையத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறவன். பார்த்துக்கொண்டான், நன்றாகவே பார்த்துக்கொண்டான் மகராசன்!

நான் வனிதா, ராசிபுரத்துக்காரி. மலைமேல் செம்மேட்டில் பெண்களுக்கான சட்ட உதவி மையத்தில் வேலை. இந்த மலையில் ஒருத்தி போலீஸ் ஸ்டேஷன் படியேறினால், அவள் இறங்குவதற்குள் ஊருக்குச் செய்தி போய்விடும். அதற்காகத்தான் இணையதளத்தில் புகார் படிவம் வைத்தோம். எழுத வராதவர்களுக்காக அதில் ஒரு பொத்தான். ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்து, பொத்தானை அமுக்கிப் பேசினால் குரல் பதிவாகி எங்களுக்கு வந்துவிடும். மேலே கொட்டை எழுத்தில் ‘பெயர் வேண்டாம், பேசினால் போதும்’ என்று போட்டிருந்தோம். இருமினாலே இன்னார் என்று சொல்லிவிடுகிற ஊர்கள் இவை. குரலைக் கேட்டபிறகு பெயர் எதற்கு என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நாங்கள் எல்லாருமே மலைக்குக் கீழே பிறந்தவர்கள்.

எடப்புளி நாடு என்கிற மலையூரிலிருந்து தேன்மொழி பேசியிருந்தாள்.

“மேடம், எங்க ஊட்டுக்காரர பாம்பு கடிக்கலீங்க. எங்க மூத்தாரு, அதான் அவரோட அண்ணன், பன்னிக்குக் கரண்டுக் கம்பி கட்டியிருந்தாருங்க. அதுல மாட்டித்தான் போயிட்டாருங்க. காலெல்லாம் கருகிக் கெடந்துச்சு. பாம்புன்னு சொல்லி அவசர அவசரமாப் பொதைச்சுட்டாங்க. கம்பி இன்னும் எங்க குடிசைச் சாளைக்குப் பின்னால கெழங்குக் குவியலுக்கு அடியிலதாங்க இருக்குது. சீக்கிரம் வாங்க.”

அழுகை கிடையாது. நிதானமாகப் பேசியிருந்தாள். பிணத்தைத் தோண்டிப் பரிசோதிக்க வருவாய்த்துறையில் மனு கொடுத்தோம். வருகிறோம், வருகிறோம் என்றார்கள். அவர்கள் வருவதற்குள் அந்தக் குரல் எடப்புளி நாட்டு வாட்ஸப் குழுவுக்கே வந்துவிட்டது.

மணிவண்ணனுக்குப் போன் போட்டேன்.

“ஃபார்ம் ப்ளகின்ல ஓட்டை மேடம்” என்றான். படிவத்தை ஓட்டுகிற சின்ன மென்பொருளாம் அது. வெளியாள் யார் வேண்டுமானாலும் புகுந்து, பதிவான கோப்புகளை எடுத்துக்கொண்டு போகலாமாம். அதைச் செய்தவர்களே ஓட்டையை அறிவித்து, அடைக்க அப்டேட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

“அப்புறம் ஏன் போடல?”

“போட்டா வாய்ஸ் பட்டன் வேலை செய்யாது மேடம். அதைப் புதுசா எழுதணும். பொறுமையாப் பாத்துக்கலாம்னு விட்டேன்.”

“யார்றா எடுத்தது?”

“நம்மள குறி வச்சு யாரும் பண்ணல மேடம். மெஷின் தானா சைட் சைட்டாப் போய் ஓட்டை இருக்கான்னு பாக்கும். கெடச்சத அள்ளிட்டுப் போய் எங்கயாவது கொட்டிரும்.”

கொட்டிய இடத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் ஊர்ப் பெயர் ஒட்டியிருந்தது. திருப்பூரில் வேலை பார்க்கிற எவனோ தன் ஊரின் பெயரைத் தேடியிருக்கிறான், கேட்டிருக்கிறான், அனுப்பிவிட்டான். குறிவைக்கவில்லையாம்! எவனாவது குறிவைத்துச் செய்திருந்தால் அவனையாவது வாய் நிறையத் திட்டியிருப்பேன்.

ஒருவழியாக வருவாய்த்துறையிலிருந்து தனபால் என்பவர் கிளம்பினார். நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். ஊரில் இறங்கியதும் நேராகச் சாளைக்குப் பின்னால் ஓடினேன். கிழங்கும் இல்லை, கம்பியும் இல்லை. தரையைச் சாணி போட்டு மெழுகியிருந்தார்கள்.

தேன்மொழி இடுப்பில் பிள்ளையோடு அங்கே வந்தாள். பேசப் பழகுகிற வயசுப் பெண் குழந்தை.

“பேரு வேண்டாம்னு சொன்னீங்களேக்கா” என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. “தண்ணி மோக்கப் போனா எல்லாரும் ஒதுங்கிக்கறாங்க. நேத்து நான் பேசினத என் முன்னாலயே போட்டுக் காமிச்சுச் சிரிச்சாங்க.”

“கண்ணு, இப்ப சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. அது நான்தான்னு சொன்னாப் போதும், தோண்டிருவாங்க. எங்க மையத்துலயே தங்கிக்கலாம், வா” என்றேன்.

“எத்தன நாளைக்குங்க்கா?” என்றாள். எங்கள் மையத்தில் ஒரு மாதத்துக்குமேல் யாரையும் வைத்துக்கொள்ள முடியாது.

வாசலில் மூத்தார் வேல்முருகன் தனபாலுக்கு நாற்காலி போட்டு, காப்பியும் கொடுத்திருந்தான். ஊரே சுற்றி நின்றது.

“எங்க தம்பி பொண்டாட்டி, அவ சின்னப் புள்ளைங்க” என்றான் மரியாதையாக. “அவளுக்கும் கொழந்தைக்கும் எங்கள விட்டா யாருங்க இருக்கா? இந்த ஊடு, காடு எல்லாம் அவங்களுக்குந்தான். அவ நல்லபடியா இருந்தாச் சரிங்க.”

அவன் சொன்னது என்ன என்று அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்தது. தனபாலுக்கும் புரிந்திருக்கும். அவர் போனை எடுத்து, பதிவை ஓடவிட்டார்.

‘மேடம், எங்க ஊட்டுக்காரர பாம்பு கடிக்கலீங்க…’

பிள்ளை தலையைத் தூக்கியது. போனைப் பார்த்துக் கையை நீட்டி, “அம்மா!” என்றது. சிரித்துக்கொண்டே மறுபடியும், “அம்மா!”

தேன்மொழி அதன் வாயைப் பொத்தினாள்.

“இது உன் குரலாம்மா?” என்றார் தனபால்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. வேல்முருகனையும் பார்க்கவில்லை.

“நான் இல்லீங்க. எங்க ஊட்டுக்காரர பாம்புதானுங்க கடிச்சது.”

தனபால் எழுதிக்கொண்டார். பதிவை நிறுத்த மறந்துவிட்டார் போலிருக்கிறது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ‘சீக்கிரம் வாங்க’ என்று அது முடிகிறவரை, திமிறுகிற பிள்ளையின் வாயிலிருந்து அவள் கையை எடுக்கவேயில்லை.