நகக்கண்ணில் மஞ்சள் மண்

டெக்லன் ஹெனெகனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நலத்துறை அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடி கடிகாரத்தைப் பார்ப்பதும், கைகளைக் கோட்டுப் பைக்குள் ஒளிப்பதுமாக இருந்தான். பத்தரைக்கு வரச் சொன்னவர்கள் பதினொன்றேகால் ஆகியும் கூப்பிடவில்லை. வேலையில்லாதவனுக்கு நேரத்துக்கா பஞ்சம் என்று நினைப்பு அவர்களுக்கு.

சுவர்ப்பூச்சு வேலை பார்த்தவன். அயர்லாந்து முழுக்க வீடு கட்டுவது நின்றுபோக, உதவிப்பணம் வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது. இடையில் எங்கும் திருட்டுத்தனமாகக் கூலிக்குப் போகவில்லை என்று அதிகாரி எழுதிவிட்டால், நாற்பத்தோரு வயதில் சேரும் செவிலியர் படிப்பு முடியும்வரை அந்தப் பணம் தொடரும். மாற்றி எழுதினால் கல்லூரியில் கிடைத்த இடம் போச்சு.

இதில் பன்னிரண்டு மணிக்குப் பக்கத்துவீட்டு பார்ட்லி கானனின் அடக்கம் வேறு. அந்த ஊரில் குழியை அக்கம்பக்கத்தார்தான் வெட்டுவார்கள்; வெட்டியவர்களே மூடவும் வேண்டும். கூலி கிடையாது. காலையில் வெட்டி முடித்த கையோடு இவனைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்ட கூட்டாளி மாட்டி சிரித்தான்.

"உன் கையில மண்ணப் பாத்தாங்கன்னா செத்தடா. ஆனா பன்னெண்டுக்கு வந்துரு. நான் ஒருத்தனா மூடுனா பார்ட்லியே எந்திரிச்சு திட்டுவாரு."

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். அதிகாரி கின்செல்லா அம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அவன் பூட்ஸில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்தார்.

"காலையில எங்க வேலை, டெக்லன்?"

கூலியில்லை என்றால் நம்பவா போகிறார்கள் என்ற பயத்தில் வாய் முந்திக்கொண்டது. "வீட்டுத் தோட்டத்துல உருளைக்கிழங்கு தோண்டுனேன் மேடம்."

சொன்னதும் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. சாகும்வரை நான்கு மாதம் தான் குளிப்பாட்டிக் கஞ்சி ஊட்டிய பார்ட்லியைப் போய் உருளைக்கிழங்கு ஆக்கிவிட்டானே.

"உருளைக்கிழங்கு கருப்பு மண்ணுல கிடக்கும். இந்த மஞ்சக் களிமண்ணு ஆளுயரம் தோண்டுனாதான் வரும். எங்கப்பாவும் தோண்டுனவருதான். யாருக்கு?"

"பார்ட்லி கானனுக்கு." கைகளைக் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுத்தான். "பொய் சொல்லிட்டேன் மேடம்."

அவர் விண்ணப்பத்தைப் புரட்டினார். "இந்தப் படிப்பு ஏன்னு கேட்ட இடத்துல ஒண்ணுமே எழுதலயே."

"என்ன எழுதறதுன்னு தெரியல. நாலு மாசம் பார்ட்லியப் பாத்துக்கிட்டேன். அது எனக்கு வந்துச்சு. அவ்வளவுதான்."

அதையே எழுதத் தொடங்கினார். டெக்லன் குறுக்கிட்டான். "மேடம், அத எழுதுனா நாலு மாசம் வேலை பாத்ததா ஆயிடுமே."

"காசு வாங்குனீங்களா?"

"செத்தாலும் வாங்க மாட்டேன்."

"அப்ப கையெழுத்துப் போடுங்க."

போட்டான். கையெழுத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் மண் அப்பிக்கொண்டது. பதறிப்போய் சட்டைக் கையால் துடைக்கப் போனான்.

கின்செல்லா அம்மாள் தாளைத் தன் பக்கம் இழுத்து, முத்திரையைக் குத்தினார்.

"அது இருக்கட்டும். மணி பதினொன்னே முக்கால். மாட்டி ஒத்தையா நிப்பான், ஓடுங்க."

மாட்டியின் பெயரை இவன் சொல்லவே இல்லை என்பது பாதித் தெரு ஓடிய பிறகுதான் உறைத்தது. ஜன்னல் வழியே காரையும், அதில் கிடந்த இரண்டு மண்வெட்டியையும், ஓட்டிவந்த மாட்டியையும் அந்த அம்மாள் காலையிலேயே பார்த்து அடையாளம் கண்டிருக்கிறார். உண்மையை இவன் வாயாலேயே சொல்லட்டும் என்றுதான் கேட்டிருக்கிறார்.