தாக்வெல் துப்பாக்கியின் அடிப்பக்கம்

கறுப்புக் கோட்டோடு தரையில் மண்டியிட்டு, மாடிப்படிக்கு அடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தான் ஆட்ரியன். பழைய பூட்ஸ் வந்தது, குடை வந்தது, கம்பி அறுந்த டென்னிஸ் மட்டை வந்தது. சாவி வரவில்லை.

மனைவி ஹெஸ்டரின் சவ வண்டி வருவதற்குள் இரும்பு அலமாரியைத் திறந்தாக வேண்டும். துப்பாக்கி உரிமம் அவள் பெயரில் இருந்தது. அவள் போன பிறகு, உரிமம் இல்லாத புருஷன் வீட்டில் அது இருக்கக் கூடாது. போலீஸ்காரர் தொலைபேசியில் தன்மையாகத்தான் சொன்னார். "உங்க மாமனாருக்கு உரிமம் இருக்குல்ல சார்? அவரையே எடுத்துட்டுப் போகச் சொல்லிடுங்க."

உரிமம் இல்லாதவன் கைக்குச் சாவி எட்டக் கூடாது என்பதும் சட்டம். ஹெஸ்டர் அதை ஒருநாளும் மீறவில்லை. அவளுடைய பயங்கள், கல்லூரிக் காலத்துக் காதலர்களின் பெயர்கள் எல்லாம் அவனுக்குத் தெரியும். சாவி இருக்கும் இடம் மட்டும் தெரியாது.

அலமாரிக்குள் இருந்தது சாமுவேல் தாக்வெல் பெயர் பொறித்த இரட்டைக் குழல் துப்பாக்கி. தாக்வெல் இந்த ஊரில் துப்பாக்கி செய்தவன். லண்டன் துப்பாக்கிக்காரர்களைப் பற்றித் தலையணை கனத்துக்குப் புத்தகங்கள் உண்டு. இவனுக்கு அரை வரி கிடையாது. அந்த அரை வரிக்காகத்தான் ஹெஸ்டர் மூன்று வருஷம் அலைந்தாள். போன வாரம் ஒரு நாள், கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தபடி சமையலறைக்குள் வந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன். குழலுக்கு அடியிலேயே இருந்திருக்கு. நாளைக்கு வெளிச்சத்துல காட்டுறேன்."

மறுநாள் காலையில் குளியலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

அவள் கண்டதை அவன் பார்த்தாக வேண்டும். துப்பாக்கி மாமனாரின் பண்ணைக்குப் போய்விட்டால் போனதுதான். அவர்கள் இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க அவள் ஒருத்தியால்தான் முடிந்தது.

வாசலில் மாமனார் எட்வின் நின்றார். கையில் கித்தான் உறை.

"என்னத்தத் தேடுற?"

"சாவி."

எட்வின் நேரே சமையலறைக்குப் போனார். அடுப்புக்கு மேலிருந்த கடுகுத்தூள் டப்பாவைத் திறந்து இரண்டு விரலை விட்டார். மஞ்சள் நிறத்தில் கடுகுத்தூள் உதிர, சாவி வந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு உரிமம் இருக்கு. உனக்குத்தான் கடுகுன்னாலே ஆகாதே. செத்தாலும் அவன் அதைத் தொடமாட்டான்ப்பான்னு சிரிச்சா."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். டப்பாவை மூடுவதில் வெகுநேரம் செலவழித்தார்.

அலமாரி திறந்தது. துப்பாக்கியை எடுத்து, மடக்கி, தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு உறைக்குள் செருகப் போனார்.

"பிரிச்சுக் காட்டுங்க," என்றான் ஆட்ரியன்.

"இப்பவா? வண்டி வர்ற நேரத்துலயா?"

"குழலுக்கு அடியில ஏதோ இருக்குன்னு சொன்னா."

"குழல் தாங்குமான்னு பாத்து அடிக்கிற சோதனை முத்திரை இருக்கும். எல்லாத் துப்பாக்கியிலயும் இருக்கும். அவ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து இதுக்கு எண்ணெய் போடுறவன் நான். மேலயே பேரு வெட்டியிருக்கு, இதுல என்ன ஆராய்ச்சின்னு அவகிட்டயும் கேட்டேன். எங்க தாத்தாவோட அப்பாவுக்கு சாமுவேல் தன் கையால செஞ்சு குடுத்தது இது."

"பிரிங்க, எட்வின்."

அவன் அவரை ஏவியது அதுவே முதல் தடவை. கிழவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முன்கட்டையைக் கழற்றி, குழல்களைத் தனியே எடுத்து, ஜன்னலோரம் போய்க் கவிழ்த்துப் பிடித்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டினார்.

"இந்தா பாரு. கிரீடம், செங்கோல். பர்மிங்காம் சோதனைச் சாலை. இது எல்லாத்துலயும்..." கட்டைவிரலால் எண்ணெயை வழித்தார். "'குண்டுக்கு அல்ல.'"

"அப்படின்னா?"

"குழலோட வாய் குறுகலா இருக்கு. சின்னச் சின்ன ஈய ரவை போடலாம், ஒத்தைக் குண்டு போட்டா குழல் கிழிஞ்சிடும். அதுக்காக அடிக்கிற முத்திரை."

"அவ்வளவுதானா?"

எட்வின் குழலை ஒருமுறை திருப்பி மேலே இருந்த பெயரைப் பார்த்தார். மறுபடி கவிழ்த்தார்.

"இந்த முத்திரை எழுபத்தஞ்சுக்கு முன்னாடி கிடையாது," என்றார். "ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தஞ்சு. சாமுவேல் செத்தது எழுபத்தொண்ணு. இப்ப நாம போற சர்ச்சுலதான் கிடக்கான்."

"அப்போ யாரு செஞ்சது?"

வெளியே கார்க் கதவு ஒன்று மெதுவாகச் சாத்தப்பட்டது.

"பொண்டாட்டி இருந்தா. மார்த்தா. அவன் போனப்புறம் அவதான் கடையில நின்னா. தோட்டா மட்டும் விக்கிறாள்னு ஊர்ல நெனச்சாங்க. எங்க தாத்தா சொல்லுவாரு, மிஸஸ் தாக்வெல் விரலெல்லாம் எப்பவும் கரியா இருக்கும்னு. எங்க வீட்டுல எல்லாரும் சிரிப்போம், அடுப்புக்கரின்னு." நிறுத்தினார். "கட்டையில இரும்பைப் பொருத்துறவங்க விளக்குக்கரி தடவித்தான் பொருத்துவாங்க. எங்க ஒட்டுது, எங்க இடிக்குதுன்னு அந்தக் கரிதான் காட்டும். எனக்கு இது தெரியும். தெரிஞ்சும் தோணலை பாரு."

"பேரு?"

"மாத்தலை. அவன் பேரையே வெட்டி வித்திருக்கா."

ஆட்ரியன் கையை நீட்டினான். எட்வின் ஒரு கணம் தயங்கி, குழல்களை அவன் கையில் கொடுத்தார். இரும்பு குளிர்ந்து கனத்தது. எழுத்துகள் விரலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. கண்ணுக்குத்தான் தெரிந்தன, அதுவும் சாய்த்துப் பிடித்தால்.

"என்கிட்ட ஏன் சொல்லலை அவ?" என்றார் எட்வின்.

'இதுல என்ன ஆராய்ச்சி' என்று அவளிடம் கேட்டவர் அவர்தான்; ஆட்ரியன் அதைச் சொல்லிக்காட்டவில்லை. குழல்களைத் திருப்பிக் கொடுத்தான்.

கிழவர் துப்பாக்கியை மறுபடி ஒன்றுசேர்த்தார். முன்கட்டை எளிதில் பொருந்தவில்லை. "சடங்கு முடிஞ்சு வந்து எடுத்துக்கறேன்," என்று அலமாரியைச் சாத்தி, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பாமலே சொன்னார்: "உரிமத்துக்கு மனு போடு. வர்ற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்."

சர்ச்சில் பூசை முடிந்து சவப்பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. பெட்டிக்குப் பின்னால் ஆட்ரியனும் எட்வினும் அருகருகே நடந்தார்கள். மதிலோரம் சாய்ந்திருந்த ஒரு கல்லறைக் கல்லின் முன் எட்வின் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

மேலே சாமுவேலின் பெயர் பெரிதாக இருந்தது, பாதி பாசிக்குள். எட்வின் பூட்ஸ் நுனியால் கீழே மண்டியிருந்த புல்லை ஒதுக்கினார். சின்ன எழுத்தில் ஒரே ஒரு வரி: மேற்படியாரின் விதவை மார்த்தாவும்.

அந்த வரியில் பாசி இல்லை. யாரோ அண்மையில் நகம்பட, பொறுமையாகச் சுரண்டியிருந்தார்கள். கல் அந்த இடத்தில் மட்டும் வெளுத்திருந்தது.